சிவப்பு ஹெல்மெட்

முதலில் ஆந்தை.
தொண்டைக்குள் எச்சிலை உருட்டி
இரண்டு தரம், தாழ்வாக.
கொஞ்சம் விட்டு
ஆந்தையைக் கண்டுவிட்ட காக்கை மாதிரி
குரலை உடைக்க வேண்டும்:
கா, கா, காஆ.
மூச்சு தீர்கிற இடத்தில் மூன்றாவது மேலே ஏறும்.
மட்டைக்கு ஒன்றாக
சண்டைக்கு வந்து இறங்கும்.

பறவைக் காய்ச்சல் வருஷம் அது.
மீனாட்சிபுரம் சாவடியில்
கோழி வண்டிகளை ஓரங்கட்டி
டயருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.
டயர் இல்லாமல் எல்லை தாண்டுவது
என் பொறுப்பு.
தலைக்கு நாற்பது ரூபாய்
என்றார் குஞ்சுப்பண்ணை வர்க்கி.
கையுறை தந்தார், ஒரு கைக்கு.
கால்களை நூலில் கோத்து நீட்டுவேன்,
இரண்டிரண்டாக எண்ணுவார்.
நொண்டிக் காக்கைக்கு இருபதுதானே
என்று ஒருநாள் கேட்டார்.
சிரிக்கவில்லை.

மார்கழிக் காற்று
கிழக்கிலிருந்து கணவாய்க்குள் இழுக்கும்.
கிழக்கே முதுகு கொடுத்து உட்கார்ந்தால்
குரல் தானாகக் கேரளாவுக்குப் போய்
ஆள் கூட்டி வரும்.
பழைய குடைத்துணியைக் கிழித்து
கீழ் மட்டையில் தொங்கவிடு:
செத்த காக்கைக்கு அது போதும்.
உச்சியில் இறங்காமல் ஒன்று இருக்கும், காவல்.
அதைக் கடைசியில் சுடு.
அது கத்தும் வரை மற்றவை போகாது.
ஒரு தோப்புக்கு இரண்டு நாள்.
மூன்றாம் நாள் நீ கரைந்தால்
தோப்பே வாயை மூடிக்கொண்டு
உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

குஞ்சு விழுந்த குரல் ஒன்றும் உண்டு.
அதை யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.
கா என்றால் காப்பாற்று என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது
அதைக் கரையும்போது மட்டும் ஞாபகம் வரும்.
வந்தன, ஒவ்வொரு தரமும்.

முகத்தைக் காட்டக் கூடாது,
மறக்காத சாதி.
மச்சினன் ஆறுச்சாமியின் ஹெல்மெட்டை
இரவல் வாங்கியிருந்தேன்.
சிவப்பு. பின்மண்டையில் புலி ஸ்டிக்கர்.
உள்ளேயிருந்து கூப்பிட்டால்
குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும்.
அது காக்கைகளுக்குப் பிடித்திருந்தது.

தை முடிந்து துடைத்துக் கொடுத்தேன்.

ஆறுச்சாமி பால் சொசைட்டிக்குப் போகிறவன்,
எக்ஸ்எல் வண்டியில் இரண்டு கேன்.
மாசி நாலாம் தேதி முதல் கொத்து.
வாய்க்கால் திருப்பத்தில் நான்கு பேர்.
மறு வாரம் சொசைட்டி வாசலில் முப்பது.
ஹெல்மெட் போடாமல் போனான்:
காக்கை இல்லை, போலீஸ் ஆயிரம் பிடித்தது.
போட்டுக்கொண்டு போனான்:
பதினெட்டு லிட்டர் ரோட்டில்.
சனி வாகனத்தை அனுப்பித் தேடுகிறார்
என்றார் கொழிஞ்சாம்பாறை ஜோசியர்,
இரண்டு பாஷையிலும்.
ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கு.
அண்ணனுக்காக என் வீட்டிலும்
பழனாத்தாள் ஒருபொழுது இருந்தாள்.
"என்ன பாவம் பண்ணுச்சுங்க அது,
எறும்பைக் கூட மிதிக்காது" என்றாள்.
நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், நீலம்.
இருபத்தைந்து காக்கை விலை.
"உனக்கெதுக்கு மாப்ள செலவு"
என்று கண் கலங்கினான்.
ஜோசியருக்குப் பேர் கிடைத்தது.

சிவப்பு என்னிடம் வந்துவிட்டது.
மாட்டுக் கொட்டகை ஆணியில் கிடந்தது.
எதற்கென்று தெரியவில்லை,
பங்குனியில் ஒரு விடியலில்
ஏர்கன் இல்லாமல்
அதை மட்டும் போட்டுக்கொண்டு போனேன்.
முதல் நாள் தோப்பு.
குடைத்துணி இன்னும் மட்டையில் ஆடியது.
உட்காரவில்லை. வாயைத் திறக்கவில்லை.

மேலேயிருந்து
முதலில் தாழ்வாக, ஆந்தை போல், இரண்டு தரம்.
பிறகு கொஞ்சம் விட்டு
குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி
கா, கா, காஆ,
மூச்சு தீர்கிற இடத்தில் மேலே ஏறி.

நான் திரும்பிப் பார்த்தேன்.